குழந்தைக்கு லுகேமியா, நிதி திரட்டுகிறோம்: படம் போடலாமா? பணத்தை யாரிடம் கொடுப்பது?

கேள்வி — ஜூன் 9

எங்கள் அலுவலகத்தில் ஒருவருடைய மகனுக்கு லுகேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய், என்று போன வாரம் தெரிந்தது. ஆறு வயது. நண்பர்கள் சேர்ந்து பணம் திரட்ட இறங்கியிருக்கிறோம். பையன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிற படத்தைப் போட்டால்தான் ஜனங்கள் கொடுப்பார்கள் என்கிறார் ஒருவர். பெற்றோர் கையில் கொடுக்காமல் நேரே மருத்துவமனைக்குக் கட்டிவிட வேண்டும் என்கிறார் இன்னொருவர். ஒரே மாதத்தில் திரட்டி முடித்துவிடலாம் என்று திட்டம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 9, இரவு

ஒரே மாதத்தில் முடிக்காதீர்கள். படம், வங்கிக் கணக்கு எல்லாம் பிறகு பேசலாம், முதலில் இது.

என் மகளுக்கும் லுகேமியாதான். அதில் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா என்ற வகை, டாக்டர்கள் ஏ.எல்.எல். என்று சுருக்கிச் சொல்வார்கள். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம், உங்கள் நண்பரின் மகனுக்கும் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டு ஓடும். முதல் சில வாரம் நோயை அடக்கும் கட்டம், இண்டக்‌ஷன். அடுத்த சில மாதம் கீமோ அடுத்தடுத்து வரும், முதுகில் ஊசி வரும். அதற்குப் பிறகு நோய் திரும்பாமல் காக்கும் மெயின்டனன்ஸ்: மெர்காப்டோபியூரின் தினமும், மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை, வீட்டிலிருந்தே மாத்திரை. ரத்தப் பரிசோதனைக்கும் ஊசிக்கும் ஆஸ்பத்திரி. மூன்றில் மிக நீண்ட கட்டம் இந்த மெயின்டனன்ஸ்தான்.

முதல் மாதம் எங்களுக்குப் பணம் வந்துகொண்டே இருந்தது. கணவர் வேலை பார்த்த இடத்தில் திரட்டினார்கள், என்னோடு படித்தவர்கள் திரட்டினார்கள், முகம் தெரியாதவர்கள்கூட அனுப்பினார்கள். இன்றும் ஒவ்வொருவரையும் நினைத்துக்கொள்கிறேன். மெயின்டனன்ஸ் தொடங்கியபோது மகளுக்கு முடி திரும்ப முளைத்தது. பார்க்கிறவர்களுக்கு அத்தோடு நோய் போய்விட்டது. "அப்பாடா, சரியாயிடுச்சே" என்றார்கள். எங்கள் கையிருப்பு தீர்ந்தது அப்போதுதான். நான் வேலையை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. கடன் கொடுத்தவர்கள் கேட்க ஆரம்பித்ததும் அப்போதுதான். ஏற்கெனவே கொடுத்தவர்களிடம் மறுபடி போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மெயின்டனன்ஸ் மாத்திரையைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. அதைச் சரிவர விழுங்காத குழந்தைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. நூறு வேளையில் ஐந்து வேளைக்கு மேல் விட்டுப்போனாலே வித்தியாசம் தெரிகிறது. ஊரெல்லாம் மறந்துபோன கட்டத்தில்தான் குடும்பம் ஒரு வேளைகூடத் தவறாமல் இருக்க வேண்டும். உங்கள் பணம் அந்தக் கட்டத்துக்கும் எட்ட வேண்டும்.

ஜூன் 10

"பில்லை மருத்துவமனைக்கே கட்டிவிட்டால் பிறகு என்ன செலவு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

பில் கண்ணுக்குத் தெரியும். அதற்கு எங்கேயோ ஒரு வழி பிறக்கும்: காப்பீடு, அரசுத் திட்டம், அறக்கட்டளை, மருத்துவமனையே தருகிற சலுகை. இவற்றில் எதெல்லாம் இந்தக் குழந்தைக்குக் கிடைக்கும் என்பதை மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேட்டுவிட்டு, அப்புறம் உங்கள் தொகையை முடிவு செய்யுங்கள். எங்களுக்கு அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே தாமதமாகத்தான் தெரிந்தது.

பில்லில் வராதவைதான் குடும்பத்தைக் கரைக்கும். பெற்றோரில் ஒருவர் வேலையை விட்டாக வேண்டும், அந்தச் சம்பளம் போச்சு. இன்னொருவர் சம்பளமில்லா விடுப்பு. ஆஸ்பத்திரி தூரமென்றால் பக்கத்திலேயே ஒரு அறை, இருக்கிற வீட்டுக்கும் வாடகை. மாஸ்க், கிருமிநாசினி, புண் வந்த வாய்க்கு மருந்து.

அப்புறம் காய்ச்சல். கீமோவில் கவுண்ட் இறங்கியிருக்கும்போது, அதாவது வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது, உடம்பு 38 டிகிரியைத் தொட்டுவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்க முடியாது. ஆஸ்பத்திரியில் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழி ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. நள்ளிரவானாலும் வண்டி பிடித்தே ஆக வேண்டும். வண்டிக்குக் கையில் காசில்லை என்று "காலையில் பார்ப்போம்" என்ற குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தக் குழந்தை ஐசியு வரை போய்த் திரும்பியது.

அதனால் என் பதில்: ஒரு பகுதியை மருத்துவமனைக்குக் கட்டுங்கள், ஒரு பகுதியைக் கணக்குக் கேட்காமல் தாயின் கையில் கொடுங்கள். இரண்டாவது பகுதி சின்னதாக இருந்தாலும் போதும்.

ஜூன் 10, பிறகு

தங்கும் இடம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1974இல் முதல் ரொனால்ட் மெக்டொனால்ட் ஹவுஸ், அதாவது சிகிச்சைக்கு வந்த குழந்தைகளின் குடும்பங்கள் தங்கும் வீடு, திறந்த கதையைத் தேடிப் பாருங்கள். ஈகிள்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் வீரர் ஃப்ரெட் ஹில்லின் மகளுக்கு லுகேமியா. மருத்துவமனை நாற்காலிகளிலேயே தூங்கிக் கிடக்கும் பெற்றோர்களை அவர் பார்க்கிறார், அணித் தோழர்கள் பணம் திரட்டுகிறார்கள். ஆட்ரி இவான்ஸ் என்ற குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் கேட்டதோ குடும்பங்கள் தங்க ஒரு வீடு. வார்டில் நாள் முழுக்க நின்றவருக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும்.

ஜூன் 12

இப்போது படம். போடாதீர்கள்.

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் சொல்வது ஜிம்மியின் கதை. 1948 மே மாதம், ஒரு அமெரிக்க வானொலி நிகழ்ச்சி. பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் படுத்திருக்கும் 12 வயதுச் சிறுவனோடு அறிவிப்பாளர் பேசுகிறார், அவனுக்குப் பிடித்த பேஸ்பால் அணியின் வீரர்கள் ஒவ்வொருவராகக் கட்டிலருகே வந்து நிற்கிறார்கள், நாடே கேட்கிறது. ஆட்டத்தைப் பார்க்க அவனுக்கு ஒரு டிவி வேண்டும், 20,000 டாலர் சேர்ந்தால் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். சேர்ந்தது 2,31,000 டாலருக்கு மேல். ஜிம்மி ஃபண்ட் என்ற நிதி அப்படித்தான் மக்களிடம் போனது.

அவன் பெயர் ஜிம்மி இல்லை. அவன் யாரென்று தெரியக் கூடாது என்பதற்காக வைத்த பெயர் அது. அவனுக்குச் சிகிச்சை தந்த சிட்னி ஃபார்பரின் பெயர்தான் வெளியே தெரிந்தது. பையன் குணமாகி, வளர்ந்து, லாரி ஓட்டி, பிள்ளைகுட்டி பெற்று வாழ்ந்தான். அவன் இறந்திருப்பான் என்றே பலர் நினைத்திருந்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 1998இல்தான் ஐனார் குஸ்டாஃப்சன் என்பவர்தான் அந்த ஜிம்மி என்று உலகத்துக்குத் தெரிந்தது. அதுவரை அந்தக் கதவு மூடியே இருந்தது.

ஒரு முகத்தைக்கூடக் காட்டாமல் அவ்வளவு பணம் சேர்ந்தது என்பதைக் கவனியுங்கள். அவன் குரல் போதுமாக இருந்தது, அவன் கேட்ட டிவி போதுமாக இருந்தது.

இப்போது படம் போட்டால் அது அழியாது. மொட்டைத் தலையும் மூக்கில் குழாயுமாக இருக்கும் அந்தப் படம், பையன் பெரியவனாகி வேலைக்கோ கல்யாணத்துக்கோ போகும்போதும் தேடினால் வரும். குழந்தைப் புற்றுநோய் என்றாலே பிழைக்காது என்று நினைப்பதால்தான் இந்த யோசனை நமக்கு வருவதில்லை. பிழைக்கிறார்கள். பிழைப்பான் என்று நம்பித்தானே பணம் கேட்கிறீர்கள்? அப்படியானால் பிழைத்த பிறகு அவன் வாழப்போகும் வாழ்க்கையையும் சேர்த்தே யோசியுங்கள்.

ஜூன் 13

ஃபார்பர் பெயரை எடுத்ததால் ஒரு சின்ன விலகல். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஜிம்மி வானொலியில் பேசிய அதே 1948இல்தான் ஃபார்பரின் புகழ்பெற்ற கட்டுரை வெளியானது. அமினோப்டெரின் மருந்து கொடுத்த 16 லுகேமியாக் குழந்தைகளில் 10 பேருக்கு நோய் கொஞ்ச காலம் தணிந்தது. தணிந்தது, அவ்வளவுதான், குணமாகவில்லை. ஆனால் அதற்கு முன்னால் அதுகூட இல்லை. அந்த மருந்தை லெடர்லி ஆய்வகத்தில் உருவாக்கிய குழுவுக்குத் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1948 ஆகஸ்டில் இறந்துபோனார். என் மகள் வாரா வாரம் விழுங்கிய மெத்தோட்ரெக்சேட் அதே குடும்பத்து மருந்து. இன்னொரு கீமோ மருந்தான வின்கிறிஸ்டின் ஊசியோ நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்தது. வார்டில் இதை ஒரு நர்ஸ் சொன்னபோது, அடுத்த ஊசிக்கு என் மகள் "பூ ஊசியா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அந்த வார்டில் அதற்குப் பூ ஊசி என்றே பெயர்.

ஜூன் 15

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: அவர்கள் திரட்டிக் கொடுத்த பணத்தில் ஒரு குடும்பம் மூத்த பையனுக்கு சைக்கிள் வாங்கிவிட்டதாம், இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டாராம்.

நான் அந்த சைக்கிளின் பக்கம். என் மகனைப் பற்றிச் சொல்கிறேன். தங்கைக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவன் உறவினர் வீட்டில். அம்மா ஆஸ்பத்திரியில், அப்பா ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் நடுவில். வருகிறவர்கள் எல்லாம் தங்கைக்குப் பொம்மை கொண்டுவருகிறார்கள், இவனிடம் "தங்கச்சி எப்படி இருக்கா?" என்று கேட்கிறார்கள். "நீ எப்படி இருக்கே?" என்று யாரும் கேட்டதில்லை. பரீட்சையில் தோற்ற பிறகுதான் நானே அவன் பக்கம் திரும்பினேன். எங்களுக்கு மாதாமாதம் அனுப்பிய ஒரு தோழி ஒருமுறை "இது அவனுக்கு மட்டும்" என்று எழுதி அனுப்பினாள். அதில் அவன் கால்பந்து ஷூ வாங்கினான். அந்த ஷூவை நான் வீண்செலவு என்று எண்ணவே மாட்டேன். ஜிம்மிக்கு டிவி வாங்கிக்கொடுக்க ஒரு நாடே காசு போட்டதே.

ஏமாற்றுக்காரர்கள் இல்லையா என்று கேட்டால், இருக்கிறார்கள். பொய் மருத்துவச் சான்று காட்டிப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு வழி, மருத்துவமனையில் விசாரித்து உறுதி செய்துகொள்வது. சைக்கிளைப் பார்த்து முடிவெடுப்பது வழி இல்லை.

ஜூன் 19

படம் போடவே கூடாது என்று 12ஆம் தேதி எழுதியதை நாலு நாளாக மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு விலக்கு வேண்டும்.

நான் இப்போது ஒரு சின்னக் குழுவில் இருக்கிறேன், இப்படிப்பட்ட குடும்பங்களுக்காக. அங்கே ஒரு பையன், பதினைந்து வயது, எலும்புப் புற்றுநோய். "என் படத்தைப் போடுங்க, என் பேரையே போடுங்க, நானே எழுதறேன்" என்றான். நாங்கள் தயங்கினோம். அவன் எழுதியதைப் படித்தால் எங்கள் யாராலும் அப்படி எழுதியிருக்க முடியாது. வலி எங்கே, எப்போது, எதைக் கேட்டால் எரிச்சல் வரும், எந்த வீடியோ கேம் தோற்றான், எல்லாம் இருந்தது. இரக்கம் கேட்கவே இல்லை.

டெர்ரி ஃபாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 18 வயதில் எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்தவர், வார்டில் தன்னோடு இருந்த சிறு பிள்ளைகளை மறக்க முடியாமல் 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு கனடாவின் குறுக்கே ஓடக் கிளம்பினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு இறந்தார். கனடியர் ஒவ்வொருவரும் ஒரு டாலர் தர வேண்டும் என்று கேட்டிருந்தார், இறப்பதற்கு முன்பே அது நடந்துவிட்டது. அலெக்ஸ் ஸ்காட் இன்னும் சின்னவள். நியூரோபிளாஸ்டோமா என்ற, நரம்புத் திசுவில் வரும் புற்றுநோய் இருந்த அந்தக் குழந்தை 2000ஆம் ஆண்டு, நாலு வயதில், எலுமிச்சைச் சாறு விற்று டாக்டர்களுக்குக் கொடுப்பேன் என்று கடை போட்டாள். எட்டு வயதில் 2004இல் இறப்பதற்குள் அவள் பெயரில் 10 லட்சம் டாலர் சேர்ந்திருந்தது.

இவர்கள் முகத்தை வேறு யாரும் எடுத்துக் காட்டவில்லை, அவர்களே காட்டினார்கள். ஆகவே இப்படி மாற்றிச் சொல்கிறேன்: பையனே கேட்டால், பெற்றோரும் ஒப்புக்கொண்டால், அவனுக்குப் பிடித்த படம். ஆறு வயதுக் குழந்தையிடம் கேட்டால் எதற்கும் சரி என்றுதான் சொல்லும், அதனால் உங்கள் விஷயத்தில் வேண்டாம் என்றே நினைக்கிறேன். அவன் வரைந்த ஓவியத்தைப் போடுங்கள். எங்கள் குழுவில் அதைத்தான் செய்கிறோம், பணம் குறைவாக வந்ததில்லை.

ஜூன் 20

மொட்டை அடித்துக்கொண்டு நிதி திரட்டலாமா என்று கேட்டவருக்கு: செய்யலாம். செயின்ட் பால்ட்ரிக்ஸ் என்ற அமைப்பு நியூயார்க்கில் 2000ஆம் ஆண்டு அப்படித்தான் தொடங்கியது, 17 தலை, 17,000 டாலர் என்று இலக்கு வைத்து ஒரு லட்சத்துக்கு மேல் திரட்டினார்கள். ஆனால் குழந்தையிடம் முதலில் சொல்லிவிடுங்கள். என் கணவரும் அவர் நண்பர்களும் முன்னறிவிப்பில்லாமல் மொட்டையோடு வார்டுக்குள் வந்து நின்றார்கள். மகள் ஒவ்வொரு தலையாகப் பார்த்துவிட்டு, "எனக்கு மருந்தால போச்சு, இவங்களுக்கெல்லாம் என்ன வியாதி?" என்று பயந்துபோய்க் கேட்டாள். விளக்கிச் சொன்ன பிறகு சிரித்து, எல்லாத் தலையையும் தடவிப் பார்த்து மதிப்பெண் போட்டாள். அப்பாவுக்குக் கடைசி இடம்.

ஜூன் 27

எங்கள் குழு எப்படி நடக்கிறது என்று சிலர் கேட்டதால் எழுதுகிறேன். எல்லாருக்கும் இது பொருந்தும் என்று சொல்லவில்லை.

பெரிய தொகை கேட்பதில்லை. மாதாமாதம், கொடுக்கிறவருக்கு வலிக்காத தொகை, குறைந்தது இரண்டு ஆண்டு. நடுவில் நிற்க வேண்டியிருந்தால் முதல் மாதமே சொல்லிவிட வேண்டும், காரணம் கேட்கமாட்டோம். தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, இருவரில் ஒருவர் அந்தக் குடும்பத்துக்கு உறவில்லாதவர். வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு என்று மாதம் ஒருமுறை கொடுத்தவர்களுக்குச் செய்தி. குழந்தையின் ரத்த அறிக்கை, மருத்துவ விவரம் எதுவும் அதில் வராது. கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு, கவுண்ட் கேட்க உரிமை இல்லை. இணையத் தளங்கள் வழியாகத் திரட்டுவதாக இருந்தால் எவ்வளவு கட்டணம் பிடிப்பார்கள், பணம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதைத் தொடங்குவதற்கு முன்பே படியுங்கள்.

குடும்பத்தோடு பேச ஒரே ஒருவர். பத்துப் பேர் பத்து முறை போன் செய்து "எப்படி இருக்கான்?" என்று கேட்டால் அந்தத் தாய் பத்து முறை சொல்லி அழ வேண்டும். என் தோழி அனுப்பும்போதெல்லாம் "பதில் போடாதே" என்று ஒரு வரி இருக்கும். பணத்தைவிட அந்த வரி எனக்கு அதிக நிம்மதி தந்த மாதங்கள் உண்டு.

மீதமானால் என்ன செய்வது என்பதை முதல் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். அதே வார்டில் இன்னொரு குழந்தைக்கு என்று எழுதுவது வழக்கம்.

இன்னொன்று, சொல்லக் கஷ்டமானது. குழந்தை இறந்துவிட்டால் திரட்டுவதை அன்றே நிறுத்திவிடாதீர்கள். எங்கள் குழுவில் அப்படி இரண்டு குடும்பங்கள். கடன் அப்படியே நிற்கிறது, அம்மாவுக்கு வேலை இல்லை, இன்னொரு பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் இருக்கிறது. நோய்க்குத்தானே கொடுத்தோம், இனி எதற்கு என்று ஒருவர் கேட்டார். குடும்பத்துக்குக் கொடுத்தோம் என்று சொன்னோம். பெரும்பாலானவர்கள் நிற்கவில்லை, தொடர்ந்து அனுப்பினார்கள்.

ஜூலை 2

"ஒரு குழந்தைக்குத் திரட்டி என்ன மாறப்போகிறது? மருத்துவமனைகளை மேம்படுத்த வேண்டும், ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டும்" என்ற கருத்து நியாயமானது. இரண்டும் வேண்டும்.

உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,00,000 குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. வசதியான நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். வசதி குறைந்த பல நாடுகளில் 30 சதவீதம்கூட இல்லை. 2030க்குள் குறைந்தது 60 சதவீதம் என்று 2018இல் இலக்கு வைத்திருக்கிறார்கள். அந்த இடைவெளிக்கு நோய் தாமதமாகத் தெரிவது, மருந்து கிடைக்காதது என்று பல காரணம். அவற்றில் ஒன்று, தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவது. மருந்து இருக்கும், மருத்துவர் இருப்பார், குழந்தை வராது. பெற்றோருக்குப் பாசமில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். வண்டிச் செலவுக்கு இல்லை, கூலி போய்விடும், வீட்டில் இன்னொரு குழந்தையைப் பார்க்க ஆளில்லை, முடி முளைத்துவிட்டது, பார்க்க நன்றாகத்தானே இருக்கிறான்.

ஆராய்ச்சிக்கூடம் இதைத் தீர்க்காது. தெரிந்த நாலு பேர் தீர்க்கலாம். உங்கள் அலுவலகத்து ஆட்கள் ஒரு குடும்பத்தைக் கடைசி மாத்திரை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தால், அந்தக் குழந்தையின் அளவில் ஒரு மருந்து கண்டுபிடித்த மாதிரிதான்.

ஜூலை 11

கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார், அனுமதியோடு இங்கே சொல்கிறேன். மாதத் தொகைக்கு ஆள் சேர்ந்துவிட்டதாம், படம் இல்லை, பையன் வரைந்த டைனோசர்தான் போகிறதாம். பணம் கொடுக்க முடியாத நாலைந்து இளைஞர்கள் வேறு என்ன செய்யலாம் என்று கேட்கிறார்களாம்.

பிளேட்லெட், அதாவது ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள். கீமோவில் பிளேட்லெட் சரசரவென்று இறங்கும், ரத்தம் நிற்காமல் போகும், ஏற்றியாக வேண்டும். ரத்தச் சிவப்பணுக்களை வாரக் கணக்கில் வைத்திருக்கலாம். பிளேட்லெட்டை வழக்கமாக ஐந்து நாள், மிஞ்சினால் ஏழு நாள்தான். அதனால் முன்கூட்டியே நிறைய எடுத்து வைக்க வழியில்லை, கூப்பிட்ட நேரத்துக்கு ஆள் வர வேண்டும். ஐந்து பேரும் இப்போதே மருத்துவமனையின் ரத்த வங்கிக்குப் போய்ப் பரிசோதித்துப் பதிந்து வையுங்கள். எல்லாரும் ஒரே நாளில் கொடுத்துவிடாமல் முறை வைத்துக்கொள்ளுங்கள். கடந்த சில நாளில் ஆஸ்பிரின் விழுங்கியிருந்தால் அங்கே சொல்லிவிட வேண்டும், அது பிளேட்லெட்டை வேலை செய்யவிடாது. நரம்பு சரியாகக் கிடைக்காது என்று சிலரைத் திருப்பி அனுப்புவார்கள். அவர்கள் இரவில் வண்டி ஓட்டுகிற பட்டியலில் பெயர் எழுதிக்கொள்ளட்டும், அந்தப் பட்டியலின் நகல் ஒன்று பையனின் அம்மாவிடம் இருக்கட்டும்.